நாயும் பூனையும் புழங்கும் பாட்டு அறைக்கு என்ன விரிப்பு போடலாம்?

கோவை_கேட்பவன்

வணக்கம். மாடியில் 14க்கு 11 அடி அறை ஒன்றைப் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். உயரம் 10 அடி. தரை முழுக்க வழவழ விட்ரிஃபைடு டைல்ஸ், நான்கு பக்கமும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த சுவர், மெல்லிய திரைச்சீலை, ஒரு நாற்காலி, ரெக்கார்டு அடுக்கிய ஓர் அலமாரி. அவ்வளவுதான். மிருதங்கத்தில் ஒரு சாப்பு விழுந்தால் அது அறையை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் அடங்குகிறது. வயலின் மேல் ஸ்தாயிக்குப் போனால் பல் கூசுகிறது.

போன வருஷம் இணையக் கடை ஒன்றில் புசுபுசுவென்று ஒரு ஷாகி கார்ப்பெட் வாங்கிப் போட்டேன். ஒரு மாதம் சொர்க்கம். அப்புறம் எங்கள் வீட்டுப் பூனை செம்பு அதன் ஒரு மூலையைத் தன் கழிப்பறை என்று முடிவு செய்துவிட்டது. மூன்று முறை துவைத்தேன். வெயில் நாளில் வாசனை தெரியாது, மழை பெய்தால் போதும், அறைக்குள் நுழைய முடியாது. கடைசியில் குப்பை வண்டியில் ஏற்றி அனுப்பினேன்.

நாயும் உண்டு. டைகர், 11 வயது நாட்டு நாய், இடுப்பு வலு குறைந்துவிட்டது, டைல்ஸில் பின்னங்கால் வழுக்குகிறது. அதனால் விரிப்பு எனக்கு மட்டுமல்ல, அவனுக்கும் வேண்டும். இரண்டு பேரையும் அறைக்கு வெளியே வைப்பது என்ற யோசனையைத் தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். என்ன போடலாம்?


வயர்லெஸ்_வாசு

ஹெட்போன் வாங்குங்கள். பிரச்சினை தீர்ந்தது.


கோவை_கேட்பவன்

வாசு, ஹெட்போன் வயரைக் கடித்துத் துண்டாக்கியதும் இதே செம்புதான்.


ஒலிக்கூடம்67

தம்பி, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பாருங்கள். உங்கள் டைல்ஸ் பளபளப்பானது என்கிறீர்கள், அப்படியானால் ஸ்பீக்கரின் பிம்பம் தரையில் தெரியும். ட்வீட்டர் (மேல் ஸ்தாயிகளைத் தரும் சின்ன வட்டம்) எந்த டைல்ஸில் தெரிகிறதோ அங்கே பட்டுத்தான் ஒலி உங்கள் காதுக்கு இரண்டாவது தடவையாக வருகிறது. மற்றவர்கள் இந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணாடியைத் தரையில் நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்ப்பார்கள். உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. ட்வீட்டரும் காதும் தரையிலிருந்து 3 அடி, இடைவெளி 8 அடி என்றால் சரியாக நடுவில், 4 அடியில் விழும். விரிப்பு அந்த இரண்டு புள்ளிகளையும் மூடினால் போதும். சுவரோடு சுவராகப் போட வேண்டியதே இல்லை. 8க்கு 5 அடி தாராளம்.

இப்போது கணக்கு. உங்கள் அறையின் கொள்ளளவு சுமார் 44 கன மீட்டர். எதிரொலி அடங்கும் நேரத்துக்கு சபீன் சூத்திரம்: 0.161ஐக் கொள்ளளவால் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சுதலால் வகுக்க வேண்டும். பளிங்கு, டைல்ஸ் எல்லாம் தன் மேல் படும் ஒலியில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் விழுங்கும். உங்கள் அலமாரி, திரை, நீங்கள் எல்லாம் சேர்த்து, ஒலியை முழுக்க விழுங்கும் 5 சதுர மீட்டர் பரப்புக்குச் சமமான உறிஞ்சுதல் இருக்கும் என்று தோராயமாக வைத்துக்கொண்டால் 1000 ஹெர்ட்ஸில் 1.4 நொடி வருகிறது. சின்ன அறைக்கு அது மிக அதிகம். கனமான கார்ப்பெட்டை வெறும் கான்கிரீட் மேல் போட்டால் 1000 ஹெர்ட்ஸில் உறிஞ்சுதல் 0.37, அதாவது நூற்றுக்கு 37, என்பது பழைய அட்டவணைகளில் எல்லாம் இருக்கிற எண். அதே கார்ப்பெட்டின் கீழே தடித்த ஃபெல்ட் (நெய்யாமல் அழுத்திச் செய்த கம்பளி) கொடுத்தால் 0.69. 500 ஹெர்ட்ஸில் வித்தியாசம் இன்னும் பெரியது, 0.14 எங்கே, 0.57 எங்கே. ஆக 8க்கு 5 விரிப்பு மட்டும் என்றால் உங்கள் 1.4 நொடி 1.1 ஆகும், ஃபெல்ட்டோடு என்றால் 0.9. மேலே என்ன போடுகிறீர்கள் என்பதைவிடக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஆனால் 125 ஹெர்ட்ஸில் ஃபெல்ட்டோடு சேர்த்தே 0.08தான். கீழ் ஸ்தாயிக்கு எந்தக் கம்பளமும் ஒன்றும் செய்யாது, அந்த ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள்.

கொசுறாக ஒன்று. வாலஸ் சபீன் இதைக் கண்டுபிடித்த விதமே ஒரு கதை. 1895இல் ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியகச் சொற்பொழிவுக் கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை, சரி செய் என்று இவரிடம் கொடுத்தார்கள். மனிதர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகச் சுமந்து வந்து போட்டு, ஆர்கன் குழாயை ஊதி, ஸ்டாப்வாட்ச்சில் அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். நாமும் மெத்தை, கம்பளம் என்று அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்.


நெல்லைக்காரன்

அண்ணாச்சி, கார்ப்பெட் எல்லாம் எதற்கு? எங்கள் ஊர்ப் பத்தமடைப் பாய் ஒன்று வாங்கிப் போடுங்கள். தாமிரபரணிக் கோரை, குளிர்ச்சிக்குக் குளிர்ச்சி, பூனை அசிங்கம் செய்தால் தண்ணீர் ஊற்றி அலசி வெயிலில் போடலாம். இல்லையென்றால் பவானி ஜமுக்காளம் இருக்கவே இருக்கிறது, உங்களுக்குக் கோவையிலிருந்து கூப்பிடு தூரம்.


ஒலிக்கூடம்67

பத்தமடைப் பாய்க்கு நான் பரம ரசிகன், ஆனால் அதன் பெருமையே அது மெல்லியது என்பதுதானே. பட்டுப் பாயை மடித்து அடக்கிவிடலாம் என்பார்கள். ஒலிக்கு அது டைல்ஸ் மேல் ஒட்டிய காகிதம் மாதிரி. ஒலி அலை கெட்டியான தரையை ஒட்டிய இடத்தில் காற்றை அசைப்பதே இல்லை. அசைவு அதிகமாக இருப்பது அலைநீளத்தில் கால் பங்கு தூரத்தில். 10 மில்லிமீட்டர் விரிப்பு என்றால் அந்தக் கால் பங்கு 8600 ஹெர்ட்ஸுக்குத்தான் பொருந்தும். 25 மில்லிமீட்டர் ஆனால் 3400க்கு இறங்கும். அதற்குக் கீழேயும் ஓரளவு வேலை நடக்கும், ஆனால் மெல்லியதாக ஆக ஆக ட்ரெபிளின் உச்சியை மட்டும் சீவிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடும்.

ஜமுக்காளம் நல்ல யோசனை, தனியாக இல்லை, மேல் துணியாக. அது பருத்தி, காற்றுப் புகும், துவைக்கலாம். கீழே ஃபெல்ட். வாயை வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு மறுபக்கம் போகிறதா? போனால் ஒலியும் போகும்.


மீசைக்காரி

நான் மூன்று பூனை வளர்ப்பவள், ஒலி பற்றிப் பேச மாட்டேன். பூனை பற்றிச் சொல்கிறேன்.

முதலில், செம்பு ஏன் அங்கே போனான்? ஆணா? சிறுநீர்ப் பையில் பிரச்சினை இருந்தால் பூனைகள் மெத்தென்ற இடத்தைத் தேடிப் போகும். ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் வரவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், அடைப்பு உயிரையே எடுத்துவிடும். அது இல்லை என்றால் மணல் தட்டு எத்தனை வைத்திருக்கிறீர்கள்? பூனை எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வைப்பது வழக்கம்.

மழைக்கு வாசனை திரும்பி வருவதற்குக் காரணம், அதன் சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் உப்புப் படிகமாக இழைக்குள் தங்கிவிடுவது. தண்ணீரில் லேசில் கரையாது, ஈரம் பட்டால் மறுபடி வாடை எழும்பும். சோப்புத்தூள் அதைத் தொடாது. என்ஸைம் கிளீனர் என்று பிராணிகள் கடையில் கிடைப்பதை ஊற்றி, அடிவரை நனைத்து, தானாகக் காய விட வேண்டும். அமோனியா கலந்த கிளீனர் வேண்டவே வேண்டாம். அதன் வாடை பூனைக்குச் சிறுநீர் மாதிரியே தெரியும், 'இதுதான் இடம்' என்று நீங்களே பலகை மாட்டியது போல ஆகிவிடும்.

இப்போது எல்லாரும் கவனிக்க வேண்டியது. கம்பளத்துக்கு அடியில் அந்துருண்டை போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. நாய்க்கும் பூனைக்கும் அது விஷம். அதேபோல் ஃபீனால் உள்ள தரைக் கழுவிகள். பூனையின் கல்லீரலால் ஃபீனாலைச் சரிவர உடைத்து வெளியேற்ற முடியாது, தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். நாய்க்கு உண்ணி வந்தது என்று பெர்மெத்ரின் உள்ள ஸ்ப்ரேயை விரிப்பில் அடிப்பார்கள், நாய் தாங்கும், பூனை வலிப்பு வந்து செத்தே போகலாம். ஒரே விரிப்பில் இரண்டும் படுக்கும் வீடு உங்களுடையது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நெசவு பற்றி ஒரு வார்த்தை. வளையம் வளையமாக இருக்கும் லூப் பைல் வேண்டாம். நகம் மாட்டிக்கொண்டால் பூனை பயந்து இழுக்கும், ஒரே இழுப்பில் ஒரு வரிசை நூலே உருவிக்கொண்டு வரும், நகமும் பிய்யும். நுனி வெட்டிய கட் பைல், இல்லையென்றால் ஜமுக்காளம் மாதிரி இறுக்கி நெய்தது சரி. கயிற்று நார், கற்றாழை நார் விரிப்புகளைப் பூனை பிறாண்டும் பலகையாகத்தான் பார்க்கும். அந்த நாரை வேறு இடத்தில் கொடுத்துவிடுங்கள்: ஒரு மரக்கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றி, ஆடாமல் நிற்க வைத்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பூனை நிமிர்ந்து முழு உடம்பையும் நீட்டும் அளவுக்கு, மூன்றடி உயரம் வேண்டும். இல்லையென்றால் அடுத்தது உங்கள் ஸ்பீக்கர் கிரில் துணிதான்.


கோவை_கேட்பவன்

கிரில் துணி ஏற்கெனவே போய்விட்டது அக்கா. சொல்ல வெட்கமாக இருந்தது. அந்துருண்டையும் போட்டிருந்தேன், நல்ல வேளை ஒன்றும் ஆகவில்லை. மணல் தட்டு ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில்.


மீசைக்காரி

துணி சுழலும்போது கடகடவென்று ஆடும் மெஷினுக்குப் பக்கத்திலா? சரிதான். நானாக இருந்தாலும் உங்கள் கார்ப்பெட்டுக்குத்தான் வந்திருப்பேன்.


இன்டீரியர்_பாலா

எல்லாரும் துணியையே பேசுகிறீர்கள். வினைல் ஷீட் ஒட்டிவிட்டால் துடைத்தால் போச்சு. கார்க் தரையும் இருக்கிறது, நாய்க்கு வழுக்காது.


ஒலிக்கூடம்67

பாலா, இரண்டு விஷயத்தைக் குழப்புகிறீர்கள். நாயின் நகம் டக் டக் என்று படும் சத்தத்தையும் கீழ் வீட்டுக்கு இறங்கும் காலடிச் சத்தத்தையும் வினைலும் கார்க்கும் குறைக்கும், மறுக்கவில்லை. ஸ்பீக்கரிலிருந்து காற்று வழியாக வந்து மோதும் ஒலிக்கு வினைல் இன்னொரு டைல்ஸ்தான். பூச்சுப் போட்ட கார்க் கொஞ்சம் தேவலை, பெரிதாக ஒன்றும் இல்லை. வினைல் மேல் ரப்பர் பாயையோ ரப்பர் அடி வைத்த விரிப்பையோ போட்டு வைத்தால் சில மாதத்தில் மஞ்சள் கறை இறங்கும், அது போகவே போகாது.


வயர்லெஸ்_வாசு

ஈக்வலைசரில் ட்ரெபிளைக் குறைத்தால் முடிந்ததே?


ஒலிக்கூடம்67

எண்ணெய்ப் பலகாரம் சேரவில்லை என்றால் உப்பைக் குறைப்பது மாதிரி.


ஸ்கார்பரோ_சிவா

நான் டொரொன்டோவில இருக்கிறன். எங்கட பேஸ்மென்ட்டில வீடு வாங்கேக்கையே சுவரோட சுவரா கார்ப்பெட், அடியில ஃபோம் பேட். நீங்கள் எல்லாரும் கார்ப்பெட் இல்லை என்று கவலைப்படுறீங்கள், எனக்கு அது கூடிப்போன கவலை. மேல் சத்தம் முழுக்கக் கம்பளத்துக்குள்ள போயிடும், பேஸ் மட்டும் கும்மென்று நிக்கும். பாடகருக்குத் தடிமன் (சளி) பிடிச்ச மாதிரிக் கேக்கும். ஆகவே தரை முழுக்க மூடாதேங்கோ, அண்ணை சொன்ன 8க்கு 5 போதும்.

இன்னொன்று. எங்கட பழைய நாய் ஒரே மூலையில மூன்று வருஷம் போய்க்கொண்டு இருந்தது. மேல கழுவி விட்டனாங்கள், அடியில ஃபோம் முழுக்கக் குடிச்சு வச்சிருந்தது. கடைசியில முழு அறையையும் பிடுங்கி எறிஞ்சனாங்கள். துண்டு துண்டாய்ப் போடுங்கோ, ஒரு துண்டு பழுதாப் போனால் அதை மட்டும் மாத்தலாம்.


கோவை_கேட்பவன்

சிவா அண்ணா, இதுதான் எனக்கு வேண்டியது. அப்படியானால் கேள்வி: ஃபெல்ட்டுக்கும் ஜமுக்காளத்துக்கும் நடுவில் குழந்தைகளுக்குப் போடுவார்களே, அந்த ரப்பர் ஷீட்டை வைத்துவிட்டால் ஈரம் இறங்காதே? ஒலிக்கு ஆகாதா?


ஒலிக்கூடம்67

ரப்பர் ஷீட் கனம் அதிகம். அது ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும், கீழே ஃபெல்ட் இருப்பதே தெரியாது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. தடை வருவது நீர் புகாத தன்மையால் அல்ல, எடையால். 50 மைக்ரான் பாலித்தீன் தாள் ஒரு சதுர மீட்டருக்கு 46 கிராம்தான். அவ்வளவு லேசான தாள் நடு ஸ்தாயிகளில் காற்றோடு சேர்ந்தே ஆடிவிடும், ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போகத்தான் திருப்ப ஆரம்பிக்கும். அந்த உச்சியைத் தாளுக்கு மேலே கிடக்கிற ஜமுக்காளம் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும். உங்களுக்கு நடந்த கதையைப் பார்த்தால் நான் தாளைப் போட்டுவிடுவேன். தளர்வாகப் போடுங்கள், இழுத்து ஒட்ட வேண்டாம். சரசரவென்று சத்தம் போடும் வகையும் வேண்டாம், நாய் திரும்பிப் படுத்தால் கச்சேரி கெட்டுவிடும்.


மீசைக்காரி

ஒலி தெரியாதவள் ஒரு கேள்வி கேட்கிறேன். பூனை ஏறாத இடம் கூரைதானே? இதையெல்லாம் அங்கே மாட்டினால் என்ன?


ஒலிக்கூடம்67

மேடம், அதுதான் நான் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தது. தரை ஒன்றுதான் நாயும் பூனையும் நடக்கும் இடம், அங்கேதான் தடிமனும் போட முடியாது. 2 அங்குல ராக்வூல் (பாறையை உருக்கி எடுத்த நார்) பலகை கூரையிலிருந்து 4 அங்குலம் தள்ளித் தொங்கினால் எந்தக் கம்பளமும் போகாத அளவுக்குக் கீழே, 250 ஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். நம் ஊரில் ஒரே சிக்கல் நடுவில் சுற்றும் சீலிங் ஃபேன். அதன் இரண்டு பக்கமும் பிரித்து மாட்ட வேண்டும். ராக்வூலைத் துணியால் நன்றாகப் பொதிந்துவிடுங்கள், நார் உதிர்ந்தால் மனிதனுக்கும் அரிக்கும் பூனைக்கும் அரிக்கும். அலமாரி உச்சியிலிருந்து பூனை தாவி எட்டும் தூரத்தில் வைக்காதீர்கள்.

அதுவரை செலவில்லாத சோதனை ஒன்று. திறந்த ஜன்னல் என்பது நூற்றுக்கு நூறு உறிஞ்சும் பொருள், போன ஒலி திரும்புவதில்லை. சபீன் தன் அளவுகோலாக வைத்ததே அதைத்தான். 4க்கு 4 அடி ஜன்னல் ஒன்றரை சதுர மீட்டர், ஃபெல்ட் வைத்த உங்கள் விரிப்பு விழுங்குவதில் பாதிக்கு மேல். ராத்திரி தெரு அடங்கியதும் வலையை மட்டும் விட்டுவிட்டுக் கதவைத் திறந்து கேட்டுப் பாருங்கள்.


கோவை_கேட்பவன்

நான்கு மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். செய்து முடித்துவிட்டேன்.

முதலில் மணல் தட்டு இரண்டாகி, வாஷிங் மெஷினை விட்டு மாடி வராந்தாவுக்கு வந்தது. மருத்துவர் செம்புவைப் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார். அப்புறம் குஷன் வேலை செய்பவரிடம் 10 மில்லிமீட்டர் கம்பளி ஃபெல்ட் வாங்கி, இரண்டு அடுக்காக, நான்கு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தலையணை உறை மாதிரி பருத்தி உறை தைத்துக்கொண்டேன். உறைக்குள்ளேயே மேல்பக்கம் மெல்லிய தாள். அடியில் வழுக்காத வலை. எல்லாவற்றுக்கும் மேலே பவானியில் நேரில் போய் வாங்கிய ஜமுக்காளம், பச்சைச் சிவப்புப் பட்டை போட்டது. கடைக்காரர் எதற்கு என்று கேட்டார், கல்யாணத்துக்கா என்று. நாய்க்கு என்று சொல்லாமல் வந்துவிட்டேன்.

லேப்டாப்பில் ரூம் ஈக்யூ விஸார்டு என்ற ஒலி அளக்கும் மென்பொருளைப் போட்டு அளந்தேன். 1000 ஹெர்ட்ஸில் விரிப்புக்கு முன் 1.3 நொடி, பின் 0.9. ஒலிக்கூடம் சாரின் கணக்கு கிட்டத்தட்ட அப்படியே. ஃபேனுக்கு இரண்டு பக்கமும் நான்கு பலகை மாட்டிய பிறகு 0.65. கைதட்டினால் கேட்டுக்கொண்டிருந்த ஒரு 'ட்ரிங்' ஒலி மட்டும் போகவில்லை.


ஒலிக்கூடம்67

அது எதிர் எதிர் சுவர்களுக்கு நடுவில் பந்து மாதிரி ஓடுவது, தரைக்கும் கூரைக்கும் சம்பந்தமில்லை. ஒரு பக்கச் சுவரில் காது உயரத்தில் ஒரு பலகையோ, ரெக்கார்டு அலமாரியையோ நகர்த்தி வையுங்கள். 300 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் தெரிகிறதா வரைபடத்தில்?


கோவை_கேட்பவன்

ஆமாம், 290இல். விரிப்புக்கு முன்னும் இருந்தது, பின்னும் இருக்கிறது. 40 ஹெர்ட்ஸில் ஒரு மலையும் இருக்கிறது.


ஒலிக்கூடம்67

290 தரையில் பட்டு வரும் ஒலி நேரே வருவதோடு மோதி அழிவது. 20 மில்லிமீட்டர் ஃபெல்ட்டால் அதைத் தொட முடியாது, விட்டுவிடுங்கள், தரை இல்லாத அறையில் யாரும் கேட்டதில்லை. 40இல் உள்ள மலை உங்கள் அறையின் 14 அடி நீளத்தால் வருவது. நாற்காலியைப் பின் சுவரிலிருந்து ஒரு மூன்றடி முன்னே இழுத்துப் பாருங்கள்.


நெல்லைக்காரன்

ஜமுக்காளம் எப்படி இருக்கிறது? பிறாண்டவில்லையா?


கோவை_கேட்பவன்

நார் சுற்றிய கட்டை வந்ததிலிருந்து இல்லை. ஐப்பசி மழையில் ஃபெல்ட் லேசாக ஈர வாடை அடித்தது, வெயில் வந்த நாளில் நான்கு துண்டையும் மொட்டை மாடியில் நிறுத்தி வைத்தேன், சரியாகிவிட்டது. டைகர் ஒரே ஒரு முறை ஜமுக்காளத்தில் வாந்தி எடுத்தான். உருவி, அலசி, கொடியில் போட்டேன். கீழே ஃபெல்ட் உறை நனையவே இல்லை.

நாற்காலியை முன்னே இழுத்துப் பார்த்தேன் சார், 40இல் இருந்த மலை பாதியாகக் குறைந்தது. ஆனால் அந்த இடம் சரியாக டைகர் படுக்கும் துண்டின் மேல் வருகிறது. இரண்டு நாள் நாற்காலிக் காலை முறைத்துக்கொண்டே நின்றான். இப்போது ஓர் அடி பின்னால் தள்ளிப் போட்டிருக்கிறேன்.